அழுக்கைத்தான் தேய்க்கிறோம், நிறத்தை அன்று



தீபாவளி நெருங்கும்போதும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் பேரங்காடிகளின் அழகுசாதனப் பிரிவில் நம் பெண்பிள்ளைகளை அதிகமாகக் காண முடிகிறது. உடலைத் தேய்த்துக் குளிப்பதற்கென்றே விற்கப்படும் ‘ஸ்கிரப்’ புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கின்றனர். சர்க்கரை, உப்பு, காப்பித் தூள், அரிசித் தவிடு எனப் புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பவற்றுள் பாதி நம் அடுப்படியில் இருப்பவையே. எங்கள் ஊர்க் கடையில் 200 கிராம் கொண்ட ஒரு புட்டியின் விலை 35 ரிங்கிட். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சிறிய தொகையன்று.

இப்பொருள் நமக்குப் புதியதன்று. பால்மரம் சீவிய நம் முன்னோர், கையில் ஒட்டிய பாலையும் வியர்வையையும் போக்கக் கடையையா நாடினர்? தேங்காய்ப் பால் பிழிந்த பின் எஞ்சும் சக்கையை என் பாட்டி வீணாக்கியதே இல்லை. முழங்கை, முழங்கால், குதிகால் என்று தேய்த்துவிடுவார். அதிலுள்ள எண்ணெய்ப் பசை தோலை மென்மையாக்கும். துருவல் அழுக்கை உருட்டி எடுக்கும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார் முதுகு தேய்க்கப் பயன்பட்டது. விழாக் காலங்களில் நலங்கு மாவு வரும்.

அந்த நலங்கு மாவைத்தான் நான் இன்றும் வீட்டில் அரைத்துப் பயன்படுத்துகிறேன். செய்முறையைக் கேட்ட பெற்றோர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கூடவே, வகுப்பறையில் என்னைச் சிந்திக்க வைத்த ஒரு கேள்வியையும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தேவையான பொருள்கள்:

1. பச்சைப்பயறு – 500 கிராம்
2. கடலைப்பருப்பு – 100 கிராம்
3. பூலாங்கிழங்கு – 50 கிராம்
4. கஸ்தூரி மஞ்சள் – 25 கிராம்
5. காய்ந்த ரோஜா இதழ் – 25 கிராம்

பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் உள்ள நம்மவர் மளிகைக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். சமையல் மஞ்சளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தோலிலும் துணியிலும் கறை பிடிக்கும். ஆண்பிள்ளைகளுக்கு அரைக்கும்போது கஸ்தூரி மஞ்சளை விட்டுவிடலாம்.

செய்முறை:

எல்லாவற்றையும் தனித்தனியே வெயிலில் உலர்த்த வேண்டும். மாலை மழை பெய்யும் நம் நாட்டில் இதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும். பயறு கையில் ஈரப்பதமின்றி ‘கலகல’ என்று ஒலிக்க வேண்டும். பூலாங்கிழங்கு கடினமானது, உரலில் இடித்துச் சிறு துண்டுகளாக்கிய பிறகே மிக்சியில் இட வேண்டும். அரைத்த மாவை நன்கு ஆறவிட்டு, மெல்லிய கண்ணுள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். சலிக்காத மாவு தோலைக் கீறும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்தால் மூன்று மாதங்கள்வரை பயன்படுத்தலாம். வண்டு பிடித்தாலோ பூசண வாடை அடித்தாலோ எறிந்துவிடுங்கள்.

குளிக்கும்போது, ஒருவருக்கு 20 கிராம் அளவு எடுத்துத் தண்ணீரிலோ தயிரிலோ குழைத்து, நனைந்த உடலில் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழைத்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். அடுத்த நாளுக்கு வைத்தால் புளித்துவிடும். வாரத்திற்கு இருமுறை போதும்.

கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 700 கிராம் மாவு. 35 குளியலுக்கு வரும். பொருள்களுக்கு நான் செலவிட்டது ஏறத்தாழ 20 ரிங்கிட். ஒரு குளியலுக்கு 60 சென்னுக்கும் குறைவு. கடைப் புட்டியிலும் அதே 20 கிராம் எடுத்தால், பத்துக் குளியலில் தீர்ந்துவிடும். ஒரு குளியலுக்கு மூன்றரை ரிங்கிட்.

இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு பல நிறுவனங்கள் தேய்ப்புப் பொருள்களில் நுண்ணிய நெகிழி மணிகளைக் கலந்து விற்றன. அவை சாக்கடை வழியே கடலைச் சேர்ந்தன. அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி, 2017 ஜூலை முதல் அவற்றின் உற்பத்தியைத் தடை செய்தது; பிரிட்டன் 2018-இல் தடை செய்தது. பயற்றம் மாவு மண்ணில் விழுந்தாலும் மக்கிப் போகும்.

சில எச்சரிக்கைகள். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. முதன்முறை பயன்படுத்துவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். புண், வேர்க்குரு, கரப்பான் உள்ள தோலில் தேய்க்கக் கூடாது. பச்சிளங்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை, உப்புக் கற்களை முகத்தில் தேய்ப்பதும், எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்வதும் தோலைப் புண்ணாக்கும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் கற்பித்தபோது, இந்த மாவையே எடுத்துக்காட்டாக்கினேன். 500, 100, 50, 25, 25 என்பதைச் சுருக்கினால் 20:4:2:1:1. பொருள்களைத் தராசில் நிறுத்துக் கலந்து பார்க்கச் சொன்னேன். வகுப்பு கலகலப்பாக நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு மாணவி என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதவாறு, “டீச்சர், இதைத் தினமும் தேய்ச்சா நான் வெள்ளையாயிடுவேனா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. அழுக்குதான் போகும். உன் நிறம் அழுக்கு இல்லையே” என்றேன்.

அவள் சிறிது யோசித்துவிட்டு, “அப்புறம் எதுக்கு டீச்சர் தேய்க்கணும்?” என்றாள்.

பதினொரு, பன்னிரண்டு வயதுக்குள், குளிப்பதன் நோக்கமே நிறம் மாறுவதுதான் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டது. இந்த எண்ணத்தை அவளுக்கு ஊட்டியவர் யார்? விளம்பரங்களை மட்டும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. “வெயில்ல ஆடாத, கறுத்துப் போயிடுவ” என்று சொல்வது நாம்தான். பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்றவுடன் முதலில் நிறத்தை விசாரிப்பதும் நாம்தான்.

அன்று பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, வகுப்புக்கே அறிவியலை விளக்கினேன். தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த உயிரணுக்கள். அவை தாமாகவே உதிர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதியவை மேலே வருகின்றன. மாவு, உதிர வேண்டியவற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்ற உதவுகிறது. அதனால் தோல் வழவழப்பாகிறது, அவ்வளவே. நிறத்தைத் தரும் மெலனின், மேல்தோலின் அடியடுக்கில் உருவாகிறது. எந்த மாவும் அதை எட்டாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மை ஓரளவு காப்பதும் அந்த மெலனின்தான். வெள்ளையாகும் ஆசையில் அழுத்தித் தேய்த்தால் தோல் காயமுற்று, அந்த இடம் மேலும் கறுக்கவே வாய்ப்புண்டு.

வகுப்பு முடிந்ததும் இன்னொரு மாணவி, தன் அக்காள் இணையத்தில் வாங்கிய வெண்மைப் பசையைத் தானும் இரகசியமாகப் பூசுவதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அச்சமே மேலிட்டது. நம் சுகாதார அமைச்சு பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் கலந்த முகப்பூச்சுகளைப் பெயர் குறிப்பிட்டுப் பலமுறை எச்சரித்து வந்துள்ளது. பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். பூசியவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் அது தொற்றும். அன்று மாலையே அம்மாணவியின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். பொருளின் பெயரையும் அறிவிப்பு எண்ணையும் அமைச்சின் பட்டியலில் சரிபார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் தேடிப் பார்த்தார். புட்டியில் எண்ணே இல்லை. பசை குப்பைக்குப் போனது.

பெற்றோர்களே, வீட்டில் மாவு அரைத்தால் பணம் மிச்சமாகும் என்பது உண்மை. பிள்ளைகள் தங்கள் உடலில் எதைப் பூசுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும். ஆனால், “இதைத் தேய், கலராயிடுவ” என்று சொல்லி அந்த மாவைக் கொடுத்தால், நாளை அப்பிள்ளை அதைவிட விரைவில் ‘கலராக்கும்’ புட்டியைத் தேடிப் போகும். வழியை நாமே காட்டியவர்கள் ஆவோம்.

ஆசிரிய நண்பர்களே, விகிதம் கற்பிக்கும்போது இந்த மாவை ஒருமுறை முயன்று பாருங்கள். அப்படியொரு கேள்வி உங்கள் வகுப்பிலும் எழலாம். எழுந்தால் கணக்கை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு அதற்கு விடை கூறுங்கள். அடுத்த பாடவேளையில் கணக்கைத் தொடர்ந்துகொள்ளலாம்.