எங்கள் வீட்டு ஜீப்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று மண்டபத்து வாயிலில் பச்சை நிற ஜீப் ஒன்று நின்றதையும், பிள்ளைகள் அதன் மீது ஏறி இறங்கி விளையாடியதையும் அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். “பழைய வண்டியைப் புதுப்பித்த கதையை நம் இதழில் எழுதக் கூடாதா?” என்று அன்று சிலர் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் புதுப்பித்த பெருமையை மட்டும் எழுதினால் அது பாதிக் கதையே ஆகும். மறுபாதி சொல்ல வெட்கமாயிருப்பது. அதையும் சேர்த்தே எழுதத் துணிந்தேன்.

எனக்கு ஜீப்பின் மீது ஆசை விழுந்ததற்குக் காரணம் என் தாயார். கும்பகோணத்திலிருந்து புதுமணப் பெண்ணாக அவர் புனே நகருக்கு வந்தது 1960-இல். என் தந்தையார் கிர்க்கியில் படைத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராக இருந்தார். குடித்தனம் நாராயண் பேட்டையில், ஆற்றுக்குச் சற்றுத் தொலைவில். மறு ஆண்டு, 1961 ஜூலை 12-ஆம் நாள், பான்ஷேத் அணை உடைந்தது. கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையும் வெள்ளத்தின் வேகத்தைத் தாங்காமல் இடிய, முட்டா ஆறு ஊருக்குள் புகுந்தது. அண்டை வீட்டு மாடியில் நின்று, தாம் சீராகக் கொண்டு வந்த பாத்திரங்கள் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லுவார். வெள்ளம் வடிந்த பின், படைவீரர்கள் ஒரு ஜீப்பில் ஏற்றி அவர்கள் இருவரையும் கிர்க்கியில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முழங்கால் அளவு சேறு. “யானை ஒவ்வொரு காலாய் எடுத்து வைக்குமே, அப்படிப் போயிற்று” என்பார். பாத்திரங்கள் போன துயரத்தைவிட அந்த ஜீப்பே அவர் பேச்சில் அடிக்கடி வரும். அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் ஏறியதே இல்லை.

யானை நடையின் இரகசியம் எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கிற்று. ஜீப்பில் சாதாரணக் கியர்த் தண்டைத் தவிர இன்னும் இரண்டு சிறு தண்டுகள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களுக்கும் என்ஜினின் விசையைக் கொண்டு சேர்ப்பது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து, விசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவது. முதல் தண்டைப் போட்டாலன்றி இரண்டாவது விழாது. அவ்வளவு விசையைப் பின் அச்சு மட்டும் தாங்காது என்பதனால் அப்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டு முதல் கியரில் விட்டால், மனிதன் நடக்கும் வேகத்தில், ஆனால் எதற்கும் நில்லாமல் வண்டி ஊரும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஷிரூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் புளியமரத்தடியில் அத்தகைய வண்டி ஒன்று பதினோர் ஆண்டுகளாக நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். இருக்கையின் கீழே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் உரிமம் பெற்று மஹிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் செய்த சி.ஜே.3பி வகை, பதிவு ஆண்டு 1965. போர்க்காலத்து ஜீப்பைவிட இதன் முகம் உயரமாயிருக்கும். அழகுக்காக அன்று. பழைய என்ஜினில் வால்வுகள் யாவும் பக்கவாட்டில் இருந்தன. இதில் உள்ளிழுக்கும் வால்வுகளை மேலே ஏற்றி வைத்தார்கள்; என்ஜின் உயர்ந்தது; அதை மூட முகப்பையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலமே உள்ள குட்டை வண்டிக்கு அந்த உயர்ந்த நெற்றி ஒரு விதத்தில் பொருத்தமாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். என் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை.

நானா பேட்டையில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் சந்துகளுக்குள் ஒரு வயதான மிஸ்திரியைப் பிடித்தேன். ஜீப் என்றால் வேறு வேலையைக் கீழே வைத்துவிடுவார். ஞாயிறும் விடுமுறை நாட்களும் பதினெட்டு மாதங்கள் அவருடைய கொட்டகையில் கழிந்தன. முதலில் பெட்ரோல் தொட்டி. இவ்வகை வண்டியில் அது ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு படி துரு கொட்டிற்று. அதைக் கழுவாமல் எத்தனை முறை கார்புரேட்டரைத் துடைத்தாலும் என்ஜின் பத்து நிமிடத்தில் மூச்சடைத்து நிற்கும் என்பது மிஸ்திரி எனக்குக் கற்பித்த முதல் பாடம். இக்காலத்துப் பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அதில் ஊறிக் கெட்டுவிடுமாதலால், அவற்றையும் அதைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றினோம். ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, மசகிட்டு மீண்டும் அடுக்கினோம். இற்றுப்போன தளத்துத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

என் மகனுக்கு ஒரு டீசல் என்ஜினை இதில் பொருத்திவிட வேண்டும் என்ற ஆசை. நண்பர்களின் வண்டிகள் அப்படித்தான் இருக்கின்றனவாம். உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை எடுத்துக் காட்டினேன். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிகளின்படி பழம்பெரும் வண்டியாகப் பதியலாமே என்றான். பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அன்றி வழக்கமாகச் சாலையில் ஓட்டலாகாது. அம்மாவை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதற்காக அன்றோ வாங்கினேன்! ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். பெட்ரோல் என்ஜினே நிலைத்தது. அப்பாவுக்குச் சட்டம் தெரியும் என்று மகன் வியந்தான். அந்த வியப்பை நான் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

ஏனெனில் வண்டி உருப்பெறப் பெற, எனக்கு அலங்காரப் பித்துப் பிடித்தது. முன் கண்ணாடிக்கு மேல் ஒரு குழாய்ச் சட்டம் வைத்து, அதில் வரிசையாக நான்கு விளக்குகள். ஆறு அங்குல அகலமுள்ள பழைய அளவு டயர்களைக் கழற்றிவிட்டு, பெரிய, பருத்த, பல்வரிசை போன்ற வெட்டுகள் உள்ள டயர்கள் ஐந்து. டயர் பெரிதானால் ஸ்டியரிங் கனக்கும். ஒவ்வொரு கியரும் ஒரு படி ஓங்கிவிடும். வேகங்காட்டி குறைத்துச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் அதே பிரேக்தான், அது பிடிக்க வேண்டிய சக்கரம் மட்டும் பெரிதாகிவிடும். மிஸ்திரி இவ்வளவையும் சொன்னார். நான் கேட்கவில்லை. நல்ல காரியம் ஒன்றும் செய்தேன்: அம்மா ஏறுவதற்கென்று இடப்புறத்தில் தாழ்வாக ஒரு படி, பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி, முதுகுக்கு மெத்தை, இடைவார். படியின் உயரத்தை வீட்டு முற்றத்துப் படியோடு அளந்து வைத்தேன்.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வண்டியில் மிதியை அழுத்தினால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே குழாய் வழியாகத் திரவம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. இக்கால வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். இதில் எங்கே ஒழுகினாலும் நான்கும் போயிற்று. பிரேக் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பதினோர் ஆண்டு நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரை அரித்துக் குழி குழியாக்கியிருந்தது. “ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை, சாஹேப், சிலிண்டரையே மாற்ற வேண்டும். குழி புது ரப்பரையும் கடித்துவிடும்” என்றார் மிஸ்திரி. அன்று டயர்க்காரருக்குப் பாக்கி கொடுக்க வேண்டியிருந்தது. “இப்போதைக்கு ரப்பர் போடுங்கள், சிலிண்டர் அடுத்த மாதம்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேசாமல் ரப்பரைப் போட்டார். பிரேக் நன்றாகவே பிடித்தது. அடுத்த மாதம் என்பது ஆறு மாதமாயிற்று.

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று, அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தி, மனைவியும் மகனும் பின்னே இருக்க, பௌட் வழியாக முல்ஷி ஏரிக்குச் சென்றோம். டாட்டா நிறுவனத்தார் கட்டிய அவ்வணையால் நிலமிழந்த மக்களுக்காக 1921-இல் சேனாபதி பாபட் சத்தியாக்கிரகம் நடத்திய இடம் அது. கரையோரம் ஒரு சேற்று வழி கிடைத்தது. இரண்டு தண்டுகளையும் போட்டு அதில் இறங்கினேன். வண்டி யானை போல் நடந்தது. எண்பத்து மூன்று வயதில் அம்மா குழந்தையைப் போலக் கைகொட்டிச் சிரித்தார். “இதேதான், இதே சத்தந்தான்!” என்றார். என் பதினெட்டு மாத உழைப்புக்கும் அந்தச் சிரிப்பு போதும் என்று நினைத்தேன். அத்துடன் திரும்பியிருக்கலாம்.

“தாம்ஹிணி மலைப்பாதையில் கொஞ்சம் இறங்கிக் கொங்கணத்தைப் பார்த்துவிட்டு வரலாமே” என்று சொன்னவன் நானே. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு திருப்பத்துக்கு முன் மிதியை அழுத்தினேன். பஞ்சை மிதித்தாற்போல் இருந்தது. மறுபடி அழுத்தினேன், தளம் வரை போய் அங்கேயே கிடந்தது. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தும் எழவில்லை. முதல் கியருக்கு மாற்ற எண்ணினேன். ஆனால் இவ்வண்டியில் ஓட்டத்தில் முதல் கியர் எளிதில் விழாது. விழாவிட்டால் இருக்கும் கியரும் போய் வண்டி தன்போக்கில் உருளும். ஆகவே அதைத் தொடவில்லை. டாஷ்போர்டின் கீழேயுள்ள கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். அது சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் உள்ள ஒரு சிறு டிரம்மைப் பிடிப்பது. நின்ற வண்டியை நிறுத்தி வைக்க ஏற்பட்டதே அன்றி ஓடும் வண்டியைத் தடுக்க அன்று. தீய்ந்த நாற்றம் எழுந்தது. வேகம் குறைந்தது, ஆயினும் போதவில்லை. வலப்புறம் பள்ளம். இடப்புறம் மலை, அதன் அடியில் மழைநீர் வாய்க்கால். இடச் சக்கரங்களை வாய்க்காலில் இறக்கினேன். வண்டி பாறையை உராய்ந்துகொண்டு இருபது அடி போய்ச் சாய்ந்து நின்றது.

இடப்புறம் அமர்ந்திருந்தவர் அம்மா என்பது அதன் பிறகே என் நினைவுக்கு வந்தது.

முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது, வேறு காயமில்லை. இடைவார் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அம்மாவைக் கைத்தாங்கலாய் இறக்கித் தண்ணீர் கொடுத்தார். என் கைகள் நடுங்கியது நிற்கவில்லை. மகன் தரையில் படுத்துப் பார்த்து, இடப் பின் சக்கரத்தின் உட்புறம் முழுதும் நனைந்திருப்பதாகச் சொன்னான். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் சட்டத்தின் மேலிருந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனப்பா, அந்த நாலு விளக்கும் என்ன விலை?” என்றார்.

சொன்னேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. லாரிக்காரரின் தயவில் முல்ஷி வரை வந்து, அங்கிருந்து வாடகை வண்டியில் வீடு சேர்ந்தோம்.

மறுநாள் மிஸ்திரி ஜீப்பை இழுத்து வந்து சக்கரத்தைக் கழற்றினார். அவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சிலிண்டரைத் துடைத்து, என் சுட்டுவிரலைப் பிடித்து அதனுள் வைத்து மெல்லச் சுழற்றினார். நகத்தில் குழி தட்டுப்பட்டது. கிழிந்த ரப்பரை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள் யாவும் புதிதாக வாங்கினேன். எல்லாம் சேர்ந்து, நான் வாங்கிய டயர்களில் ஒன்றன் விலைக்கு வரவில்லை. பருத்த டயர்களையும் விளக்குகளையும் வந்த விலைக்கு விற்றேன். பழைய அளவு டயரில் வண்டி சிறுத்துத்தான் தெரிகிறது, ஓட்ட இலேசாயிருக்கிறது. பொங்கல் விழாவன்று நீங்கள் கண்டது அந்தச் சிறுத்த வண்டியைத்தான். பாறை உராய்ந்த வடு இடப்புறப் படிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடிக்கவில்லை.

மனைவி மூன்று மாதம் அதில் ஏற மறுத்தாள். அது நியாயமே. அம்மா இரண்டாவது வாரமே, “அந்த ஏரிக்கரைக்கு மறுபடி எப்போது போகிறோம்?” என்று கேட்டார். இப்போது மாதம் ஒரு முறை போகிறோம். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே, ஒரு சிறு மூடியின் உள்ளே மறைந்திருக்கிறது. குனிந்து மூடியைத் திறந்தால்தான் திரவம் எவ்வளவு இருக்கிறதென்று தெரியும். அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. அம்மா புறப்படுமுன் படியருகில் கைப்பிடியைப் பற்றியவாறு நிற்பார். நான் மூடியைத் திறந்து, டார்ச் விளக்கை அடித்து, “நிறைய இருக்கிறது அம்மா” என்பேன்.

“எங்கே, காட்டு” என்று அவரும் ஒரு முறை குனிந்து பார்த்த பிறகே ஏறுவார்.