விமானத்தின் கால்கள்

ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இறக்கைகளைப் புகழ்வார்கள், என்ஜினைப் புகழ்வார்கள், ஓட்டுகிறவனின் தைரியத்தைப் புகழ்வார்கள். அதன் கால்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பூமியை விட்டுக் கிளம்பியவுடன் மடக்கி ஒளித்து வைக்கப்படும் அந்த அவயவத்துக்குக் கவிஞரும் இல்லை, ரஸிகரும் இல்லை.

ஆனால் விமான மாதிரி செய்கிறவனைக் கேளுங்கள். அவன் கால்களைப் பற்றியே ஒரு ஜாமம் பேசுவான். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் தீட்டி, அசலில் 72-ல் ஒரு பங்காக விமானம் அமைப்பது, பள்ளிக்கூட வேலை போக மிஞ்சும் நேரத்தில் எனக்குள்ள பொழுதுபோக்கு. சென்ற வருஷம் என் பெரியப்பாவுக்காக ஒரு லிபரேட்டர் விமானம் செய்ய முற்பட்டேன்.

லிபரேட்டர் அமெரிக்காவில் பிறந்த குண்டு விமானம். இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் பல லிபரேட்டர்களை உபயோகமற்றதாகச் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். 1948 முதல் 1968 வரை அவை நமது விமானப் படையில் சேவை செய்தன. பிறர் குப்பையென்று தள்ளியதை நம்மவர்கள் பறக்க வைத்தார்கள் என்பது சாமானியமான காரியமா? அவற்றில் ஒன்றை 1974-ல் பிரிட்டிஷ் விமானப்படைக் காட்சிசாலைக்கே இந்தியா அன்பளிப்பாக அளித்தது!

பெரியப்பா பூனாவில் அந்த விமானங்களைப் பழுது பார்த்த பிட்டர். இப்போது வயது எண்பத்தெட்டு. பறப்பது போல் ஒரு கம்பியில் நிறுத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "பறக்கிற லிபரேட்டரைப் பைலட்டுகள் பார்த்தார்கள். நான் பார்த்ததெல்லாம் நிற்கிற லிபரேட்டரடா. நிற்க வைத்துக் கொடு" என்றார்.

நிற்க வைப்பதில்தான் சங்கடம். லிபரேட்டருக்கு மூக்கின் கீழ் ஒரு கால், இறக்கைகளின் கீழ் இரண்டு கால். மாதிரியில் வால் கனத்து, பொம்மை பின்பக்கமாக உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க மூக்குக்குள் ஈயக் குண்டுகளைத் திணிக்க வேண்டும். அசல் விமானத்தின் வெறும் எடை சுமார் 16,500 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 72-ஆல் வகுத்தால் 44 கிராம்தான் தேறும். மாதிரியோ தடித்த பிளாஸ்டிக்கும் ஈயமுமாக அதைப்போல் பல மடங்கு கனக்கிறது. அவ்வளவையும் தீக்குச்சி போன்ற மூன்று பிளாஸ்டிக் கால்கள் தாங்க வேண்டும். பிளாஸ்டிக் ஓயாத பாரத்துக்கு மெல்ல மெல்ல இணங்கிவிடும் சுபாவமுள்ளது. வெயில் அதற்குத் துணை. சித்திரை முடிவதற்குள் என் லிபரேட்டர் முழங்கால் வலிக்காரரைப் போல் கால்களை அகட்டிக்கொண்டது.

இதற்கென்றே உலோகக் கால்கள் தனியாக விற்கிறார்கள். பெரும்பாலானவை வெள்ளீயம் முக்கியமாகச் சேர்ந்த கலப்பு உலோகத்தை, சுழலும் ரப்பர் அச்சில் வார்த்தவை. ரஸம் வைக்கும் ஈயச் சொம்பை அறிந்த இல்லத்தரசிகளுக்கு இதன் குணம் சொல்லத் தேவையில்லை. 232 டிகிரியிலேயே உருகும் உலோகம், மிருதுவானது. பிளாஸ்டிக் பட்டென்று ஒடியும். இது வளையும், விரலால் நிமிர்த்திவிடலாம். மிகவும் கனத்த மாதிரிகளுக்குப் பித்தளைக் கால்களே உத்தமம். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை உலோகத்தைப் பிடிக்காது. எபாக்ஸிப் பசை வேண்டும். அச்சுக் கோடுகளை நுண்ணிய அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

புதுக் கால்களைப் பொருத்தி, நிமிர்ந்து நின்ற விமானத்தைப் பெரியப்பாவிடம் கொண்டு சென்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேஜை மட்டத்துக்குக் குனிந்து, வயிற்றுப் பக்கமாகவே வெகுநேரம் பார்த்தார். இறக்கையையும் வர்ணத்தையும் பார்த்தாரில்லை.

"இது நிற்கவில்லையடா; இன்னும் பறந்துகொண்டிருக்கிறது" என்றார்.

அசல் விமானத்தின் காலுக்குள் காற்றும் எண்ணெயும் அடைத்த தண்டு ஒன்று உண்டு. ஆகாயத்தில் அது நீண்டு தொங்கும். தரையில் விமானத்தின் பாரத்தால் உள்ளே அமுங்கும். பிளாஸ்டிக் கால் நீண்ட நிலையில் செய்யப்பட்டிருந்தது. உலோகக்காரர் அதையே அச்சாக நகலெடுத்திருந்தார். பலம் கூடிற்று, பிழை அப்படியே நின்றது.

"எவ்வளவு குறைக்க?" என்று கேட்டேன். பெரியப்பா நான்கு விரல்களைச் சேர்த்துத் தண்டின் மேல் வைப்பதுபோல் காற்றில் வைத்துக் காட்டினார். எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கை அங்கே அளந்திருக்குமோ! நான்கு அங்குலம் என்று கணக்கிட்டேன். 72-ல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. உலோகக் கால்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அவ்வளவையும் நீக்கி, நடுவில் கம்பி செருகி ஒட்டினேன்.

இப்போது அது அவர் கட்டிலருகே நிற்கிறது. விருந்தினர் வந்தால் இறக்கைகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். பெரியப்பா அவர்களைக் குனிந்து பார்க்கச் சொல்கிறார்.