காருக்கும் மூக்கு உண்டு!

காரின் மூக்கு எது தெரியுமா? புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான். 1976-இல் வோல்வோ காரில் முதலில் வந்தது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் மோப்பம் பிடிக்கும்.

எங்க மாமா பட்டறையில் ஒரு பழைய காருக்கு நீளமான ஹெடர் குழாய் மாட்டினாங்க. சென்சார் என்ஜினை விட்டுத் தள்ளிப் போச்சு. "பழைய ஒற்றை ஒயர் சென்சாரே போதும்ணே, விலை கம்மி" என்றார் ஓனர்.

"அதுக்குப் புகையோட சூடு மட்டும்தான் சார். தள்ளி வெச்சா ஆறிடும். அப்புறம் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாத்தான் பெட்ரோல் ஊத்தும்" என்ற மாமா, உள்ளேயே ஹீட்டர் உள்ள நாலு ஒயர் சென்சாரைப் போட்டார்.

வீணாகும் பெட்ரோல் ஓனர் காசு மட்டுமில்லை. நச்சுப் புகையாக நம்ம மூக்குக்குத்தான் வரும். கார் மூக்கு அடைத்தால் நமக்கும் மூச்சு முட்டும்!