மெட்ராஸ் தெருவில் ஒரு சின்ன அறை: பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் போகும் பெற்றோருக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு காரில் ஒரு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் கிடைத்தால் சுமார் நான்கு மணி நேரம். திருச்சுழியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிற நேரத்தைவிட இது குறைவுதான். மழையை நம்பி விதைக்கும் இந்தக் கரிசல் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வேலைக்குப் போன பிள்ளைகள் நிறைய. "ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கம்மா" என்று போனில் கூப்பிடும்போது, விசாவும் டிக்கெட்டும் எப்படியோ அமைந்துவிடுகின்றன. எங்கே தங்குவது என்பதுதான் பெரிய கேள்வி.

சிங்கப்பூரில் 'ஒர்க் பெர்மிட்'டில் வேலை செய்பவர்கள் குடும்பத்தை அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ள முடியாது. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளில் இருப்பவர்களில் பலர் ஊரின் ஓரத்தில் இருக்கும் தொழிலாளர் விடுதிகளில் தங்குகிறார்கள். அங்கே அப்பா, அம்மாவைப் படுக்கவைக்க வழியில்லை. பெரிய ஓட்டல்களில் ஓர் இரவு வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். இப்படி வருபவர்களுக்குத் தோதாக இருப்பவை, லிட்டில் இந்தியாவின் தெருக்களில் உள்ள சின்னச் சின்ன ஓட்டல்கள்.

கடைவீடு ஓட்டலான கதை

லிட்டில் இந்தியாவின் முதுகெலும்பு சிராங்கூன் சாலை. டன்லப் தெரு, டிக்சன் சாலை, கேம்பெல் லேன், மெட்ராஸ் தெரு எல்லாம் அதைச் சுற்றி இருப்பவை. ஒரு காலத்தில் இங்கே மாட்டுப் பட்டிகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே சொன்னார்கள். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பெயர் சொந்த ஊர்ப் பெயர் மாதிரியே கேட்கும்.

இங்குள்ள பழைய கட்டடங்களுக்குக் 'கடைவீடு' என்று பெயர். கீழே கடை, மேலே வீடு. முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க ஒரு திறந்த முற்றம். வாசலில் கூரை போட்ட நடைபாதை ஒன்று வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகும். 1822-ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோதே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க இப்படி ஒரு பாதை விட வேண்டும் என்று விதித்தார். அகலம் ஐந்தடி என்பதால் தமிழர்கள் அதை 'அஞ்சடி' என்றார்கள். நம்மூர்த் திண்ணையை ஒரு தெரு முழுக்க இணைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த வீடுகளின் மேல்மாடிகளில் ஒருகாலத்தில் கூலி வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்துப் படுத்தார்கள். மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார்களின் கிட்டங்கிகளில் பகலில் கணக்குப் பெட்டி இருந்த இடத்திலேயே இரவில் பாய் விரிந்தது. அந்தக் கிட்டங்கிகள் 1970-களில் இடிக்கப்பட்டன. லிட்டில் இந்தியா தப்பியது. 1989-ல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால், முகப்பை இடிக்க முடியாது; உள்ளே மாற்றிக்கொள்ளலாம். இடிக்க முடியாத குறுகிய வீட்டை என்ன செய்வது? ஓட்டலாக்கினார்கள். இடத்தைக் கூட்ட முடியாதபோது, அழகைக் கூட்டினார்கள்.

டிக்சன் சாலையில் 1920-களைச் சேர்ந்த ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், 2010-ல் 'வாண்டர்லஸ்ட்' என்ற ஓட்டல் திறந்தது. மொத்தமே 29 அறைகள். வெவ்வேறு மாடிகளை வெவ்வேறு சிங்கப்பூர் வடிவமைப்புக் குழுக்களிடம் கொடுத்துவிட்டார்கள். திறந்தபோது ஒரு தளத்தில் அறைக்கு ஒரு நிறம் இருந்தது. இன்னொன்றில் எல்லாம் கறுப்பு வெள்ளையாக இருந்தது. மெட்ராஸ் தெருவில் 'தி கிரேட் மெட்ராஸ்' இருக்கிறது. பழைய கட்டடத்தின் வளைவான முகப்பையும் பெயரையும் காப்பாற்றி, இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சினிமா செட் மாதிரி இருக்கிறது என்று, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இவற்றைவிடக் குறைந்த வாடகையில், அடுக்குப் படுக்கை போட்ட விடுதிகளும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன.

அறை சின்னது, தெரு பெரியது

நூற்றிருபது சதுர அடி அறை என்றால் நம்மவர்களுக்கு முதலில் திக்கென்றிருக்கும். கட்டிலைச் சுற்றி நடக்க ஒரு சாண் வழி, சுவரில் மடக்கி வைக்கும் மேஜை, கட்டிலுக்கு அடியில் பெட்டி. ஆனால் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தறி இருக்கும் வீட்டில் தறிக்குத்தான் முதல் இடம். மிச்ச இடத்தில்தான் சமையல், படிப்பு, தூக்கம். ஓர் அடி இடத்தையும் வீணாக்காமல் வாழ்வதை அங்கே யாரும் 'டிசைன்' என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வாசலைத் தாண்டினால் தெரு கைகொடுக்கும். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழை இலையும் கிடைக்கும். கோமள விலாஸ் 1947-லிருந்து சைவச் சாப்பாடு போடுகிறது. டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன், இன்னும் கொஞ்சம் நடந்தால் சீனிவாசப் பெருமாள். 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் இங்கு வந்த முன்னோர்களின் கதை இருக்கிறது. ஆங்கிலம் தெரியாத அம்மாகூட இந்தத் தெருக்களில் தனியாகப் போய் பூ வாங்கி வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியின் முகமே மாறும். தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு அன்றுதான் லீவு. ஊருக்குப் பணம் அனுப்ப, முடி வெட்ட, காய்கறி வாங்க, பக்கத்து ஊர்க்காரரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வருவார்கள். அஞ்சடியில் நடக்க இடம் இருக்காது. அமைதி தேடி வரும் சுற்றுலாப் பயணிக்கு அது தொந்தரவு. பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோருக்கு அதுதான் வந்த காரணமே. இன்னொரு விஷயம்: 2013 டிசம்பர் 8 அன்று இங்கே ஒரு விபத்தைத் தொடர்ந்து கலவரம் நடந்தது. அதன்பின் 2015-ல் வந்த சட்டப்படி, சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலை வரை இங்கே பொது இடத்தில் மது அருந்தத் தடை. அப்பாமார்கள் கவனிக்க.

புக் செய்யும் முன்

• ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். குறுகிய கடைவீட்டில் நடு அறைகளுக்கு ஜன்னல் இல்லாமல் போவது சகஜம். படத்தில் தெரியாது.

• லிஃப்ட் இருக்கிறதா? பழைய கட்டடத்தின் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது முக்கியம்.

• குளியலறை அறைக்குள்ளா, பொதுவா?

• காட்டும் வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி 9 சதவீதம். பல இடங்களில் சேவைக் கட்டணம் 10 சதவீதம் தனி.

• பதிவு செய்யாத விருந்தாளியை அறைக்குள் விடுவார்களா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் விடமாட்டார்கள். அப்படியானால் கீழே உட்கார்ந்து பேச நல்ல கூடம் இருக்கும் ஓட்டலைத் தேர்ந்தெடுங்கள். சின்ன ஓட்டலில் கட்டிலைவிட அந்தக் கூடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

• அங்கே மூன்று சதுர முனை பிளக். அடாப்டர் ஒன்று கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். அறையில் ரைஸ் குக்கர் வைக்கும் யோசனை வேண்டாம்.

• விசாவோடு, பயணத்துக்கு மூன்று நாளுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

• சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறினால் ஜாலான் பெசார், லிட்டில் இந்தியா இரண்டுக்கும் நேராகப் போகலாம். டிக்சன் சாலைக்கு ஜாலான் பெசார் பக்கம்.

டிக்கெட் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக இருக்கட்டும், இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. மற்ற நாளெல்லாம் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். அந்த ஒரு நாள் காலையில் சீக்கிரமே குளித்துவிட்டு, முறுக்குப் பொட்டலத்தோடு கீழே இறங்கி அஞ்சடியில் நில்லுங்கள். முதல் ரயிலிலேயே வந்துவிடுவான்.