பிரவுன் வழக்கும் கழுத்து நெரிப்பும்

பிடிஎஸ்எம் (சம்மதத்தோடு வலியும் கட்டுப்பாடும் கலந்த பாலுறவு) பற்றிப் பேச்செடுத்தாலே 1993 பிரவுன் வழக்குதான் எனக்கு நினைவுக்கு வரும். இப்படி ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்டவர்கள் வயதுவந்த ஆண்கள், முழுச் சம்மதம், அவர்களில் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. ஆனாலும் பிரிட்டன் பிரபுக்கள் சபை, காயம் ஏற்பட்டால் சம்மதம் செல்லாது என்று 3-க்கு 2 எனத் தீர்ப்பளித்தது. அதில் சட்டத்தைவிட அருவருப்புதான் அதிகம் என்பேன்.

ஆனாலும் பாலுறவின்போது கழுத்தை நெரிக்கும் பழக்கத்துக்கு மட்டும் என்னால் வக்காலத்து வாங்க முடியாது. மூளைக்கு ரத்தம் தடைபட்டால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியவருக்கே சுயநினைவு இருக்காது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரலாம். "எனக்குப் பாதுகாப்பாகச் செய்யத் தெரியும்" என்கிறவரைக் கண்டால்தான் எனக்கு அதிக பயம். இந்த ஆபத்துகளையெல்லாம் மறைத்து வாங்கிய 'சரி'யை நான் சம்மதமாக எண்ணுவதில்லை.