சபுராளியின் ஞாயிற்றுக்கிழமை

‘சபுராளி’ என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களின் சொத்து. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில், பொருள் தேடிக் கடல் கடந்து சென்றவரை இப்பெயரால் அழைப்பர். ‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல் தமிழ் நாவில் புரண்டு ‘சபுர்’ ஆகி, ‘ஆளி’ என்னும் தமிழ் விகுதியைச் சேர்த்துக்கொண்டது. முதலாளி, தொழிலாளி, சபுராளி! இரு மொழிகள் இவ்வளவு இயல்பாகச் சம்பந்தம் செய்துகொண்டதை நான் அதிகம் கண்டதில்லை. ஸஃபர் என்பதன் வேருக்கு, மறைவு நீங்கி வெளிப்படுதல் என்று பொருள். பொழுது புலர்வதையும், பெண் தன் முகத்திரையை விலக்குவதையும் அவ்வேரிலிருந்து பிறந்த சொற்களாலேயே அரபியர் குறிப்பர். மனிதரின் குணத்தை வெளிப்படுத்துவதால்தான் பயணம் அப்பெயர் பெற்றது என்று அகராதி ஆசிரியர்கள் நயம் கூறுவர்.

பயணம் போனவரின் குணம் மட்டுமா வெளிப்படுகிறது? வீட்டில் இருப்பவர்களின் குணமும் அல்லவா வெளிப்படுகிறது! பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேன். எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்த காலத்தில் அதைப் படித்துக் காட்டவும், பதில் எழுதிக் கொடுக்கவும் என்னையே அழைத்தார்கள். கடிதங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஸலாம், நலம், பணம் வந்ததா, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும், துஆச் செய்யவும். எழுதியவர் அன்று என்ன உண்டார், எங்கே நடந்தார், எதைப் பார்த்துச் சிரித்தார் என்பது எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. பதிலிலும் எவரும் அதைக் கேட்கச் சொன்னதில்லை.

எங்கள் விருத்தாசலம் கடற்கரை ஊர் அன்று. மணிமுத்தாற்றங்கரையில், முதுகுன்றம் என்ற பழம்பெயர் தாங்கிய ஊர். விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் இருப்புப்பாதையும், கடலூரிலிருந்து சேலம் செல்லும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்ற பெயரும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் அருகிலேயே கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிற்சி நிலையமும் ஏற்பட்டன. ஒரு காலத்தில் வீடுதோறும் மின்பலகையில் பியூஸ் கம்பி கட்டும் வெள்ளைக் கட்டை இருந்ததே, அதைச் செய்தவர்களில் எங்கள் ஊரார் பலர். ஊறுகாய் ஜாடி, பொம்மை, மின்கம்பிக்குரிய பீங்கான் குமிழ் ஆகியவையும் இங்கே சூளையேறின. பிறகு, மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்துவிடும் பிளாஸ்டிக் சுவிட்சுகள் வந்தன. பியூஸ் கட்டைக்கு மவுசு குறைந்தது. சூளைக்குப் போன தகப்பன்மாரின் பிள்ளைகளிற் சிலர் விமானம் ஏறினர்.

அப்படிப் போனவர்களில் ஒருவன் என்னிடம் அலிஃப், பே தொடங்கி குர்ஆன் முடிக்கும் வரை ஓதியவன். அவனுடைய அத்தா சூளையில் சாமான் அடுக்குபவராக நெடுங்காலம் வேலை செய்தவர். பூச்சுப் பூசிய சாமான்களை மண்பெட்டிகளில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சூளைக்குள் ஏற்றும் வேலை. அடுக்குவதில் ஒரு விரற்கடை பிசகினால் முழுச் சூளையும் சரியும். இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. திண்ணையை விட்டு இறங்குவது அரிது. மகன் 2016இல் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். போவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை அடைக்கவே இரண்டாண்டு ஆயிற்று. அடுத்து அக்காளின் திருமணம்.

சென்ற ஆண்டு ஒருநாள் அஸருக்குப் பின் அவனுடைய தாயார் கையில் தொலைபேசியுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் அத்தனை கோபம். “ஹஜ்ரத், இவன் செய்திருக்கிற வேலையைப் பாருங்க!” என்று ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ தகாத இடத்துக்குப் பையன் போய்விட்டானோ என்று அஞ்சியபடி கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேட்டுச் சரிவில் பாம்பு போல் நீண்டு கிடக்கும் ஒரு செங்கல் கட்டடம். அதன் வாயில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் பையன். “லீவு நாள்ல பஸ் ஏறிப் போய்ச் சூளையைப் பார்த்திருக்கான். இங்கே இல்லாத சூளையா? அந்த நாளும் வேலைக்குப் போயிருந்தா இரட்டைச் சம்பளம் ஆச்சே! நீங்கதான் அவனுக்குப் புத்தி சொல்லணும்.”

அந்த அம்மையாரை நான் குறை கூறவில்லை. வீட்டின் கூரையும், கணவரின் மருந்தும் அந்தச் சம்பளத்தில் நிற்கின்றன. ஆயினும் புத்தி சொல்லும் முன் ஒன்றை விசாரிக்க எனக்குத் தோன்றியது.

நம் மார்க்கச் சட்ட நூல்களில் முஸாஃபிர், முகீம் என்று இரு நிலைகள் உண்டு. முஸாஃபிர் வழிப்பயணி; நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளும் சலுகை அவனுக்கு உண்டு. ஓரூரில் தங்குவதென்று எண்ணிவிட்டால் அவன் முகீம் ஆகிவிடுகிறான். முழுத் தொழுகை தொழ வேண்டும். எத்தனை நாள் தங்க எண்ணினால்? வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் என்பது ஷாஃபிஈ வழி. பதினைந்து நாள் என்பது ஹனஃபி வழி. சட்டம் நாட்கணக்கில் பேசுகிறது! நம் சபுராளிகளோ பத்து, இருபது ஆண்டுகள் ஓரூரில் உழைக்கிறார்கள். தொழுகையை முழுமையாகத்தான் தொழுகிறார்கள். வாழ்க்கையைத்தான் சுருக்கிக்கொள்கிறார்கள். நாமும் அவர்களை இரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்களாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முன்னோர் அப்படி இருக்கவில்லை என்பதற்கு ஆசியாவின் நகரங்களே சான்று. பினாங்கில் காதர் முஹிய்யித்தீன் தலைமையில் நம்மவர்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலுக்குச் சில அடி தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழர் இருசாராரும் ஒரே தெருவில் இடம் தேடியிருக்கிறார்கள். சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல், அந்நகரின் பெயரே ஹோ சி மின் என மாறிய பின்னும் நிலைத்திருக்கிறது. காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து விற்ற நம்மவர்களின் உணவு ‘நாசி கண்டார்’ என்ற பெயரில் பினாங்கின் அடையாளமாகிவிட்டது. மலாய் மொழியில் ‘கண்டார்’ என்பது அத்தண்டையே குறிக்கும். போன ஊரில் உண்டு, உறங்கி, நட்புக் கொண்டு, நேரம் போக்கியவர்களால்தான் இவை முடிந்தன. அக்காலத்தில் பயணமும் நீண்டது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறியவர் பினாங்கு சேர்வதற்குள் பல நாட்களைக் கடலிலேயே கழிப்பார். பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பற்போக்குவரத்து நின்றது. இன்று சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம் சொச்சம். அந்த நான்கு மணி நேரத்தில் மனம் எங்கே ஊர் மாறப் போகிறது?

2018 ரமளானில் மருமகன் அழைப்பின்பேரில் நான் சிங்கப்பூரில் ஒரு மாதம் தங்கினேன். அப்போது இந்தப் பையன் ஒரு ஞாயிறன்று என்னைப் பார்க்க வந்தான். அவனுடைய வாரத்தை அவன் வாயாலேயே கேட்டேன். விடுதி ஊரின் மேற்குக் கோடியில். வைகறையில் எழுந்து, லாரியின் பின்புறம் வரிசையாக அமர்ந்து வேலைத்தலம் சேர வேண்டும். சாரம் கட்டுதல், கம்பி முறுக்குதல், கான்கிரீட். இரவு திரும்பிக் குளித்துப் படுக்கும்போது அடுத்த வைகறை அருகில் வந்துவிடும். ஆறு நாள் இப்படி. ஞாயிறன்று சிராங்கூன் சாலைக்கு வந்து, பணம் அனுப்பி, முடி வெட்டி, அங்குலியா பள்ளிவாசலில் லுஹர் தொழுது, புல்தரையில் ஊர்க்காரர்களோடு மாலை வரை உட்கார்ந்திருப்பான். “ஹஜ்ரத், அந்தப் புல்தரை இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிடும்” என்றான் சாதாரணமாக. கடைத்தெருவில் அன்று நான் கண்ட கூட்டத்தை நம் ஊர்த் திருவிழாவோடும் ஒப்பிட முடியாது. பார்த்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆறு நாள் கண்ணுக்குத் தெரியாமல் அந்நகரைக் கட்டுகிறவர்கள் ஏழாம் நாள் கண்ணுக்குத் தெரிவதில் என்ன குற்றமோ!

2020 ஏப்ரலில் கொள்ளைநோய் பரவியபோது அந்தப் புல்தரையும் போயிற்று. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். மற்ற மக்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் இவர்களுக்குக் கட்டுப்பாடு நெடுநாள் நீடித்தது. பையன் அக்காலத்தில் அனுப்பிய குரல் பதிவுகளில், “நல்லா இருக்கேன், சாப்பாடு தர்றாங்க, சம்பளம் வந்துடும்” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பழைய கடிதங்களின் அதே அச்சு. வீட்டாரும் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் அடைந்தார்கள். கதவு திறந்த பிறகுதான் அவனுக்கு அந்தப் பழக்கம் ஏற்பட்டதாம்: ஞாயிறு கிடைத்தால், கண்ணில் படும் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கிச் சிறிது நேரம் நடந்துவிட்டு வருவது. அப்படி ஒருநாள், விடுதிக்கு அதிகத் தொலைவில்லாத ஜாலான் பஹார் என்ற சாலைப்பக்கம் இறங்கி நடந்தபோதுதான் அந்தச் சூளையைக் கண்டிருக்கிறான்.

இதை நான் அவனிடம் தொலைபேசியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சீனர்கள் அதை டிராகன் சூளை என்பார்கள். 1940இல் கட்டியது, விறகுச் சூளை. ஆண்டில் சில தடவை இன்னும் எரிக்கிறார்கள். அடிவாயில் தீ மூட்டினால் வெப்பம் சரிவு வழியே மேலேறும். பக்கச் சுவர்த் துளைகளில் படிப்படியாக விறகு போட்டுக்கொண்டே போவார்கள். விறகுச் சாம்பல் சாமான்மேல் படிந்து உருகித் தானே பூச்சாகிவிடுமாம். தொடக்க காலத்தில் அங்கே எதைச் சுட்டார்கள் தெரியுமா? ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மண் கிண்ணங்களை! மலாயாத் தோட்டங்களில் அத்தகைய கிண்ணங்களிலிருந்து பால் சேகரித்த கைகளில் எத்தனையோ கைகள் தமிழர் கைகள். பையன் இதையெல்லாம் சொல்லும்போது அவன் குரலில் இருந்த துடிப்பை, அவன் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து நான் கேட்டதில்லை.

தாயாரிடம் சென்றேன். புத்தி சொல்லவில்லை என்றும், இதை அவனுடைய அத்தாவிடம் சொன்னீர்களா என்றும் கேட்டேன். “அவருக்கு எதுக்கு? மூச்சு விடவே முடியல” என்றார். நானே திண்ணையில் அமர்ந்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். “சரிவிலே கட்டியிருக்கான். புகைபோக்கி வேண்டாம், மேடே இழுத்துக்கும்” என்றார். இருமல் வந்து நின்றது. பிறகு மகனுக்குக் குரல் பதிவு அனுப்பும்படி என்னைப் பிடிக்கச் சொல்லி, தாமே பேசினார்: சரிவில் சாமான் அடுக்கினால் கீழ்ப்பக்கம் சாயாமல் இருக்க என்ன முட்டுக் கொடுக்கிறார்கள்? துளையில் விறகு போடுபவன் தீயின் நிறம் பார்த்துப் போடுகிறானா, கடிகாரம் பார்த்தா? எத்தனை நாள் ஆறவிட்டுத் திறக்கிறார்கள்? அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் விரியுமே! பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. தகப்பனும் மகனும் எட்டாண்டில் பேசியதை விட அந்தப் பதிவு நீளமாக இருக்கும் என்று தோன்றியது.

மகனுக்கு விடை தெரியவில்லை. அங்கே ஒரு முதிய சீனர் இருக்கிறார், அடுத்த ஞாயிறு கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பினான். அடுத்த ஞாயிறு கூடுதல் வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே. மக்ரிபுக்குப் போகும்போதெல்லாம் திண்ணையிலிருந்து, “ஹஜ்ரத், ஏதாவது வந்துச்சா?” என்ற கேள்வி என்னைத் தொடர்ந்தது.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை இரவு அவ்வழியே வந்தேன். உள்ளேயிருந்து தாயாரின் குரல் தெரு வரை கேட்டது. தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார். “நாளைக்கும் ஓவர்டைம்னு போயிடாதே. அத்தா கேட்டதுக்குப் பதில் வாங்கிட்டு வா. அந்தக் கிழவருக்குத் தமிழ் தெரியாட்டி கையைக் காட்டியாவது கேளு.”