எந்தத் தெரு?

எங்கள் இரட்டைப் பிள்ளைகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டார்கள். ஒன்றுகூட இரண்டு கிலோவைத் தொடவில்லை. தென்காசி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தார்கள். குற்றாலத்துப் பக்கம் எங்கள் காலனி வீட்டில் ஐந்து வயது மகளும் மூன்று வயது மகனும். நடுவே ஐந்து கிலோமீட்டர்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பால் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்த எங்களுக்கு அது பெரிய தூரம்.

மருத்துவமனை அருகே ஒரு அறை எடுத்தால் நான்கு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு தேடினோம். வாடகையெல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் கேட்டார், "ஊர்ல எந்தத் தெரு?" சொன்னோம். சாயங்காலம் போனில், சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றார்.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாயும் எங்களுக்கு இல்லை. அது முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிரசவத்துப் பிள்ளைக்கு எடை குறையாதா என்ன?

பீடி சுற்றும் பக்கத்து வீட்டு அத்தைதான் எங்களைத் தாங்கினார். அங்கன்வாடி விட்டதும் மடியில் சுளகு, இரு பக்கமும் எங்கள் பிள்ளைகள். அதனால் அவருக்கு எத்தனை கட்டு குறைந்ததோ, கேட்டால் சொல்லமாட்டார்.

பிள்ளைகளை வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைச் செவிலியர் சொல்லித்தந்தார். 1978இல் கொலம்பியாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது. தகப்பனும் செய்யலாம். ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம், சீசன் கடைக் கூலி போனது.

இருபத்தி நான்காம் நாள் ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினோம். அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அவங்க சொந்தக்காரங்க இன்னும் வரலையா?"